10 விழுக்காடு பீர்: ஏன் அரிது, ஏன் இந்த விலை, எப்போது ஆபத்து?

சாதாரண பீரில் 5 விழுக்காடு ஆல்கஹால். ஆனால் 10, 12, ஏன் 28 விழுக்காடு வரை போகும் பீர்களும் உலகத்தில் உண்டு. சிலவற்றை ஆண்டுக்கு ஒருமுறைதான் விற்பார்கள். சிலவற்றுக்குப் பல நூறு ரிங்கிட் விலை. அவற்றைத் தேடிப் பிடிப்பதே சிலருக்கு ஒரு பொழுதுபோக்கு.

மலாக்காவிலும் இந்த ஆர்வம் இல்லாமல் இல்லை. ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்து இப்போது டவுனிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் பிள்ளைகளின் வாட்சாப் குழுக்களில், "மச்சான், இது எங்க கிடைக்கும்?" என்ற கேள்வியோடு போத்தல் படம் சுற்றுகிறது. கூடவே, "எனக்குத் தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர்கிட்ட இருக்கு, விலையும் கம்மி" என்று ஒரு பதிலும் வரும்.

அந்தப் பதிலைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அரிது, ஸ்ட்ராங், மலிவு. இந்த மூன்றும் ஒரே போத்தலில் சேராது. ஏன் சேராது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

'ஸ்ட்ராங்' என்றால் எவ்வளவு?

போத்தலின் லேபிளில் 'ஏபிவி' என்று ஓர் எண் இருக்கும். மொத்த அளவில் எத்தனை விழுக்காடு சுத்த ஆல்கஹால் என்பதே அதன் பொருள்.

330 மில்லிலிட்டர் போத்தலை எடுத்துக்கொள்வோம். 5 விழுக்காடு பீரில் சுமார் 13 கிராம் ஆல்கஹால் இருக்கும். அதே அளவு போத்தலில் 10.2 விழுக்காடு என்றால் சுமார் 27 கிராம். 40 விழுக்காடு விஸ்கி 30 மில்லிலிட்டரில் இருப்பது ஏறக்குறைய 9.5 கிராம்தான்.

அப்படியென்றால் ஒரே ஒரு ஸ்ட்ராங் பீர், இரண்டு சாதாரண பீருக்கும் கிட்டத்தட்ட மூன்று பெக் விஸ்கிக்கும் சமம். "ஒரு பீர்தானே குடிச்சேன்" என்ற கணக்கு இங்கே செல்லாது.

ஸ்ட்ராங்காக இருந்தாலே அரிது என்றும் நினைத்துவிடக் கூடாது. இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 விழுக்காடு. நுவரெலியா மலைப்பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய மதுபான ஆலையின் வாரிசு அது. இப்போது கொழும்புக்கு அருகே பியகமவில் பெரிய அளவில் தயாராகிறது. பல நாடுகளுக்கும் ஏற்றுமதியாகிறது. தேடி அலைய வேண்டிய சரக்கு இல்லை. அரிதாக்குவது ஆல்கஹால் அளவு மட்டுமல்ல, தயாரிப்பும் விற்கும் முறையும்தான்.

எப்படி இவ்வளவு ஸ்ட்ராங் ஆகிறது?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தென்னம்பாளையிலிருந்து காலையில் இறக்கிய கள் இனிக்கும். நேரம் ஆக ஆகப் புளிக்கும். பாளையிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட், இனிப்பைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. கள் பெரும்பாலும் 4 முதல் 6 விழுக்காட்டில் நின்றுவிடும். அதன் பிறகு காடி வாடை வந்துவிடும்.

பீரிலும் நடப்பது இதேதான். தென்னம்பாலுக்குப் பதில் முளைகட்டி உலர்த்திய பார்லி, அதாவது மால்ட். ஸ்ட்ராங் பீர் வேண்டுமென்றால் அதிக மால்ட் போட்டு, அதிக இனிப்பை இறக்கி, ஈஸ்ட்டுக்குக் கூடுதல் தீனி கொடுக்க வேண்டும். ஆனால் ஆல்கஹால் கூடக்கூட, அதை உண்டாக்கிய ஈஸ்ட்டே அதில் சோர்ந்துபோகும். பெரும்பாலான பீர் ஈஸ்ட் வகைகள் 10, 12 விழுக்காட்டைத் தாண்டத் திணறும்.

அதனால் தனி ஈஸ்ட் வேண்டும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், சிலவற்றுக்கு மரப்பீப்பாயில் ஊறும் காலமும் வேண்டும். அதே அண்டாவில் அதற்குள் பல தடவை சாதாரண பீர் காய்ச்சி விற்றிருக்கலாம். விலையின் முதல் காரணம் இதுதான்.

40, 50 விழுக்காடு 'பீர்' என்று செய்தியில் வருவது வேறு கதை. அது உறையவைக்கும் முறை. ஆல்கஹாலைவிடத் தண்ணீர் முதலில் உறையும். அந்தப் பனிக்கட்டியை நீக்கிவிட்டால் மிச்சம் இருப்பது ஸ்ட்ராங்காகிவிடும். ஸ்காட்லாந்தின் புரூடாக் நிறுவனம் 2010இல் இப்படி 55 விழுக்காடு பீர் ஒன்றை வெளியிட்டது. மொத்தமே 12 போத்தல்கள். விலை 500 பவுண்டும் அதற்கு மேலும். பதப்படுத்திய அணில் உள்ளிட்ட சிறு விலங்குகளின் உடலுக்குள் போத்தலை வைத்து விற்றதால் கண்டனமும் எழுந்தது.

பணம் இருந்தும் ஏன் கிடைப்பதில்லை?

இந்த உலகத்தில் அதிகம் பேசப்படும் பெயர் வெஸ்ட்ஃப்லெட்டெரன் 12. பெல்ஜியத்தின் செயின்ட் சிக்ஸ்டஸ் மடாலயத்தில் துறவிகள் காய்ச்சும் 10.2 விழுக்காடு பீர். மடத்தின் செலவுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் காய்ச்சுவார்கள். கிராக்கி கூடியதற்காக அளவைக் கூட்டுவதில்லை.

வாங்கும் முறையும் அப்படியே. பல ஆண்டுகள் தொலைபேசியில் முன்பதிவு செய்து, சொன்ன நாளில் மடாலய வாசலுக்கே காரில் போய் எடுக்க வேண்டியிருந்தது. 2019இல் பதிவு இணையத்துக்கு மாறியது. வாங்கியதை லாபத்துக்கு மறுவிற்பனை செய்யக் கூடாது என்பது மடத்தின் நிபந்தனை.

ஆனால் மறுவிற்பனை நடக்கத்தான் செய்கிறது. 2018இல் நெதர்லாந்தின் பேரங்காடி நிறுவனம் ஒன்று, துறவிகளின் அனுமதியில்லாமல் இந்தப் பீரை ஒரு போத்தல் 10 யூரோவுக்கு நெருக்கமாக விற்றது. மடாலயத்தில் அதன் விலை 2 யூரோவுக்கும் குறைவு. துறவிகள் வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார்கள். ஐரோப்பாவிலேயே இப்படி என்றால், ஆசியாவுக்கு வந்து சேரும்போது விலை எங்கே போகும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

அமெரிக்காவில் பிளைனி தி யங்கர் என்று ஒன்று. கலிஃபோர்னியாவின் ரஷ்யன் ரிவர் நிறுவனம் ஆண்டுக்கு ஒருமுறை, சுமார் இரண்டு வாரத்துக்கு மட்டும் விற்கும் 10.25 விழுக்காடு பீர். ரசிகர்கள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பார்கள். சாமுவேல் ஆடம்ஸ் யூட்டோப்பியாஸ் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும். 2023இல் வந்தது 28 விழுக்காடு. ஆல்கஹால் அளவின் காரணமாகவே அமெரிக்காவின் சில மாநிலங்களில் அதை விற்க முடியாது.

ஆக, உண்மையான அரிய பீருக்கு ஒரு பாதை இருக்கும். யார் காய்ச்சினார், எங்கே விற்றார், யார் இறக்குமதி செய்தார் என்று சொல்ல முடியும். "எப்படியோ வந்தது" என்பது ஒரு பாதை அல்ல.

மலேசியாவில் விலை ஏன் இன்னும் ஏறுகிறது?

2016 மார்ச் முதல் மலேசியாவில் மதுபானக் கலால் வரி ஆல்கஹால் அளவைப் பொறுத்தது. பீருக்கு, அதில் உள்ள சுத்த ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 175 ரிங்கிட் என்று நிர்ணயிக்கப்பட்டது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் மதுபானக் கலால் வரி 10 விழுக்காடு உயர்த்தப்பட்டு, 2025 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அந்தக் கணக்கில் 192 ரிங்கிட் 50 சென்.

இதைப் போத்தல் கணக்காக மாற்றினால்:

- 330 மில்லிலிட்டர், 5 விழுக்காடு: வரி மட்டும் சுமார் 3 ரிங்கிட் 18 சென்
- 330 மில்லிலிட்டர், 10.2 விழுக்காடு: வரி மட்டும் சுமார் 6 ரிங்கிட் 48 சென்
- 500 மில்லிலிட்டர், 8 விழுக்காடு: வரி மட்டும் சுமார் 7 ரிங்கிட் 70 சென்

சுலபமாக நினைவில் வைக்க: 330 மில்லிலிட்டர் போத்தலுக்கு, ஒவ்வொரு ஒரு விழுக்காட்டுக்கும் ஏறக்குறைய 64 சென் வரி. காய்ச்சும் செலவு, கப்பல் கூலி, குளிர்பதனக் கிடங்கு, மற்ற வரிகள், இறக்குமதியாளர் லாபம், கடைக்காரர் லாபம் எல்லாம் இதற்கு மேல்.

இப்போது அந்த வாட்சாப் பதிலுக்குத் திரும்புவோம். "10 விழுக்காடு, இறக்குமதி பீர், ஒரு போத்தல் 6 ரிங்கிட்" என்று ஒருவர் சொன்னால், அது வரியைக்கூட ஈடுகட்டாத விலை. ஒன்று வரி கட்டாத கடத்தல் சரக்கு. அல்லது லேபிளில் இருப்பது உள்ளே இல்லை. கடத்தல் சரக்கு எல்லாமே விஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டில் எது என்று குடிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆபத்து அங்கேதான்.

இன்னொரு காரணம், நம் சந்தை சிறியது. நாட்டின் பீர் விற்பனையில் பெரும்பங்கு இரண்டு பெரிய ஆலைகளிடம் இருக்கிறது. கிராஃப்ட் பீர் அறிமுகமாகும் இடங்களும் குறைவு. 2017 அக்டோபரில் கோலாலம்பூரில் நடக்கவிருந்த பெட்டர் பீர் ஃபெஸ்டிவலுக்கு மாநகர் மன்றம் அனுமதி தரவில்லை. விழா ரத்தானது. சிறு இறக்குமதியாளர் கொண்டுவரும் சில பெட்டிகள் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் முதலில் போய்விடும். மலாக்காவுக்கு வருவது மிச்சம்தான்.

சரியான வழியில் தேடுவது எப்படி?

முதலில் சட்டம். 2017 டிசம்பர் 1 முதல், 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மலேசியாவில் மதுபானம் விற்கக் கூடாது. முன்பு இது 18ஆக இருந்தது. முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டப்படி மது அருந்துவது குற்றம்.

வாங்குகிறவர் பார்க்க வேண்டியவை:

- கடை. நிலையான முகவரி, உரிமம், ரசீது. காரின் பின்பெட்டியிலிருந்து விற்பவரிடம் இந்த மூன்றும் இருக்காது. நாளைக்குப் பிரச்சினை வந்தால் ஆளும் இருக்க மாட்டார்.
- லேபிள். தயாரிப்பாளர், இறக்குமதியாளர் முகவரி, ஆல்கஹால் விழுக்காடு. மலேசியாவில் சட்டப்படி விற்கும் மதுபானத்தில் 'மெமினும் ஆராக் போலே மெம்பஹாயாகான் கெசிஹாத்தான்' என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு என்பது அதன் பொருள்.
- மூடி. திறந்து மறுபடி அடைத்த அடையாளம், கீறல், கசிவு, ஒரே பெட்டியில் போத்தலுக்குப் போத்தல் மாறும் அளவு. இவை இருந்தால் வேண்டாம்.
- தேதி. கறுப்பு நிற ஸ்டவுட், பார்லி வைன் போன்ற ஸ்ட்ராங் வகைகள் ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஹாப்ஸ் மணத்துக்காக வாங்கும் வகைகள் சில மாதத்தில் வாசம் போய்விடும். நம் ஊர் வெயிலில் வெளியே வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். அதிக விலை கொடுத்து வாடிப்போன பீரை வாங்கிவிட்டுப் பிறகு புலம்பிப் பயனில்லை.

வெளிநாடு போய்வரும் நண்பரிடம் சொல்லியனுப்பலாமா? திரும்பி வரும் பயணிக்கு, நிபந்தனைகளோடு, மொத்தம் 1 லிட்டர் மதுபானம் வரை வரிவிலக்கு உண்டு. பீரும் அந்த ஒரு லிட்டருக்குள்தான் அடங்கும். 330 மில்லிலிட்டர் போத்தல் என்றால் மூன்று. எங்கிருந்து வருகிறார், எவ்வளவு நேரம் வெளியே இருந்தார் என்பதைப் பொறுத்து அந்தச் சலுகையும் மாறும். அதனால் கிளம்பும் முன்பே சுங்கத் துறையின் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. "ஒரு பெட்டி வாங்கிட்டு வாடா" என்பது நண்பரைச் சிக்கலில் மாட்டிவிடும் வேலை.

தோட்டப்புறத்துக்கு இது பழைய கதை

மலிவு விலையில் போதை என்பது மலேசியத் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1896இல் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். இந்த நாட்டின் ரப்பர் தோட்டக் கதை அங்கிருந்து தொடங்குகிறது. ரப்பர் பரவியபோது தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களுக்கு லயம் கட்டிக் கொடுத்த தோட்டங்களில் கள்ளுக்கடையும் வந்தது. சம்பள நாளில் கிடைத்த காசு, வீடு வந்து சேரும் முன்பே கள்ளுக்கடையில் கரைந்த கதை பல குடும்பங்களில் உண்டு.

அதை எதிர்த்தவர்களும் தோட்டத் தொழிலாளர்களே. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள், சம்பள உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். போருக்குப் பிறகு கெடாவில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. 1947இல் பீடோங்கில் கள்ளுக்கடை மறியல் நடந்தது, போலீசாரோடு மோதலும் வெடித்தது. கூலியைப் போலவே குடியையும் ஓர் உரிமைப் பிரச்சினையாக அவர்கள் பார்த்தார்கள்.

கள் குறைந்த இடங்களில் சம்சு புகுந்தது. கள் 5 விழுக்காடு என்றால் சம்சு 30 விழுக்காட்டுக்கு மேல். சின்ன போத்தல், கையில் இருக்கும் சில்லறைக்குக் கிடைக்கும். உரிமத்தோடு விற்ற மலிவுச் சம்சு ஒரு பக்கம், யார் காய்ச்சினார் என்றே தெரியாத சம்சு இன்னொரு பக்கம்.

இன்று மலாக்காவின் பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லேபிளும் மாறிவிட்டது. ஆனால் "கம்மி விலையில் நல்ல ஸ்ட்ராங்" என்ற அழைப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

லேபிளுக்குப் பின்னால் மெத்தனால்

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் கலப்பட மதுவைக் குடித்த 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். உள்ளூர்க்காரர்களும் இருந்தார்கள். கவனிக்க வேண்டியது, அவர்கள் குடித்தது பெயரில்லாத சாராயம் மட்டுமல்ல. பிராண்டு லேபிளோடு வந்த விஸ்கியும் பீரும்கூட அதில் இருந்தன. காரணம் மெத்தனால்.

2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் லாவோசின் வாங் வியெங்கில் ஆறு வெளிநாட்டுச் சுற்றுப்பயணிகள் இறந்தார்கள். ஏழைத் தொழிலாளி, வசதியான சுற்றுப்பயணி என்ற வேறுபாடு மெத்தனாலுக்குத் தெரியாது.

முறையாகக் காய்ச்சிய பீரில் ஆபத்தான அளவுக்கு மெத்தனால் உருவாவதில்லை. யாரோ செலவைக் குறைக்கத் தொழிற்சாலை ஆல்கஹாலை ஊற்றினால்தான் அது உள்ளே வரும். நிறம், மணம், சுவையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. உடலுக்குள் போனதும் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, கண் நரம்பைத் தாக்கும். இரத்தத்தை அமிலமாக்கும்.

ஏமாற்றுவது அதன் தாமதம். குடித்த இரவில் சாதாரணப் போதை மாதிரிதான் இருக்கும். பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே அறிகுறிகள் தெரியும். அதை ஹேங்கோவர் என்று நினைத்துப் படுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம்.

இவற்றில் ஏதாவது தெரிந்தால் காத்திருக்க வேண்டாம்:

- பார்வை மங்குவது, கண்ணுக்கு முன் வெள்ளையாக, பனி மூடியது போலத் தெரிவது
- கடும் தலைவலி, வாந்தி, வயிற்று வலி
- மூச்சு வேகமாகவோ சிரமமாகவோ இருப்பது
- குழப்பம், வலிப்பு, எழுப்பினாலும் எழாமல் இருப்பது

உடனே 999ஐ அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மிச்சமிருக்கும் போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள். அதே மதுவைக் குடித்த மற்றவர்களுக்கும் தகவல் சொல்லுங்கள். அவர்களுக்கு இன்னும் அறிகுறி தெரியாமல் இருக்கலாம். மாற்று மருந்தும் டயாலிசிஸும் இருக்கின்றன. நேரத்தோடு போனால் உயிரையும் பார்வையையும் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். "இன்னும் கொஞ்சம் குடிச்சா சரியாயிடும்" என்ற வீட்டு வைத்தியம் வேண்டாம். "போலீஸ் கேஸ் ஆயிடுமோ" என்ற பயத்தில் தாமதிக்கவும் வேண்டாம்.

வீட்டுக்கு எப்படிப் போவீர்கள்?

நல்ல கடையில் வாங்கிய உண்மையான பீராகவே இருக்கட்டும். அப்போதும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. 2020 அக்டோபர் 23 முதல், வாகனமோட்டிக்கான வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50ஆகக் குறைக்கப்பட்டது. முதல் முறை பிடிபட்டாலே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. உயிர்ச்சேதம் ஏற்படுத்தினால் 10 முதல் 15 ஆண்டு சிறை.

ஒரு 10 விழுக்காடு போத்தல் இரண்டு பீருக்குச் சமம் என்று மேலே பார்த்தோம். உடல் எடை, சாப்பிட்டது, குடித்த வேகம் எல்லாவற்றையும் பொறுத்து, அந்த ஒன்றே சிலரை வரம்புக்கு மேல் கொண்டுபோய்விடும். டவுனிலிருந்து ஜாசினுக்கோ மஸ்ஜித் தானாவுக்கோ மோட்டார் சைக்கிளில் திரும்பும் இருட்டுச் சாலையில் "ஒண்ணுதான் குடிச்சேன்" என்பது காப்பாற்றாது.

சுருக்கமாக

அரிய பீருக்கு விலை ஏறுவதற்குக் காரணம் உண்டு: காய்ச்சும் காலம், குறைந்த அளவு, தூரம், ஆல்கஹாலுக்கு ஏற்ற வரி. அந்தக் காரணங்களை ஒருவர் தள்ளுபடி செய்து தருகிறார் என்றால், எதைக் குறைத்தார் என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் போத்தலைத் திறக்க வேண்டாம்.

தேடுவது நின்று, குடிப்பது மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ தோன்றினால், அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் பேசுங்கள். வெட்கப்பட எதுவும் இல்லை. கள்ளுக்கடையை மூடச் சொல்லி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.